ஒரு நூலில் தொங்கிய பால்கனி

எனக்கு எழுத வராது. கையெழுத்துக் கேட்டால் கட்டை விரலைத்தான் நீட்டுவேன். அந்த விரலிலும் சிமெண்ட் தின்றது போக ரேகை பாதிதான் மிச்சம். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "மாமா, பொய் வந்தா பேனாவ மூடிடுவேன்" என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டாள். கட்டுரை சின்னதாக இருந்தால் குற்றம் என்னுடையது அல்ல.

போன மாதம் எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். கடலூர் முதுநகரில் இருக்கும் செவ்வந்தி டாக்கீஸை உள்ளே தடுத்து மூன்று சின்ன தியேட்டர்களாக ஆக்கப் போகிறார்களாம்.

"பெரியவரே, அந்த பால்கனியில கை வெக்கறதுக்கு முன்னாடி, அத கட்டினவங்க யாராவது உசுரோட இருந்தா கேட்டுட்டு வாங்கன்னு எங்க எஞ்சினியர் சொன்னாரு. நீங்கதான் கட்டினீங்களாமே?"

"உசுரோட இருக்கேன், அது வரைக்கும் நெசம். கட்டினது நான் இல்லப்பா. கட்டினவருக்கு சவுக்குக் கட்ட தூக்கிக் குடுத்தவன்."

"அப்ப அத எழுதிக் குடுங்க, சங்க மலர்ல போடறோம்" என்றார்கள். என் பேச்சை அச்சில் போட ஆள் இருக்கிறது என்றால் விடுவேனா.

நான் சென்ட்ரிங் ஆள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கான்கிரீட் ஊற்றினால் அது இறுகும் வரை யாராவது அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். பலகையும் சவுக்குக் கட்டையும் வைத்து நாங்கள் ஒரு பொய்த் தளம் கட்டுவோம். அதன் மேல் நிஜத் தளம் ஊற்றுவார்கள். இறுகியதும் எங்களுடையதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவோம். கொத்தனார் வேலையை ஊரே பார்க்கும். எங்கள் வேலை கண்ணில் பட்டால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். எனக்குப் பொருத்தமான தொழில்தான். நான் இருக்கும் வரை சத்தம், போன பிறகு ஒன்றும் தெரியாது.

தொழில் கற்றது சிதம்பரத்தில். அறுபதுகளின் தொடக்கத்தில் அண்ணாமலை நகரில் யுனிவர்சிட்டிக்கு ஒரு ஹாஸ்டல் எழும்பிக்கொண்டிருந்தது. யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால், "யுனிவர்சிட்டியில மூணு வருஷம்" என்று கூசாமல் சொல்வேன். என்ன பாடம் என்று கேட்டால்தான் பேச்சை மாற்றுவேன். அங்கே என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஆரோக்கியசாமி மேஸ்திரி. கடலூர்க்காரர், கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற கிறிஸ்தவர். ஒல்லியாக, உயரமாக, நட்டு வைத்த சவுக்குக் கட்டை மாதிரி இருப்பார்.

அவர் திட்ட மாட்டார். நான் பார்த்த மேஸ்திரிகள் எல்லாம் நம் அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். இவர் அப்படி இல்லை. பலகையைத் தப்பாக அடித்துவிட்டால், அதற்கு எதிரே போய்க் குந்துவார். ஒரு பீடி பற்ற வைப்பார். பீடி முடியும் வரை பலகையையே பார்ப்பார். நம்மை ஒரு தரம்கூடப் பார்க்க மாட்டார். பீடி பாதி எரிவதற்குள் நாமே ஓடிப் போய்க் கழற்றிவிடுவோம். என்னால் அவருக்கு எத்தனை கட்டு பீடி தீர்ந்தது என்பதற்கு அவர் நுரையீரல்தான் சாட்சி.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. எந்தப் படமும் விட மாட்டார். பார்த்துவிட்டு வந்து சாரத்தின் மேல் நின்று முழுக்கதையும் சொல்வார். சண்டைக் காட்சியில் மட்டும் கீழே இறங்கிவிடுவார், தவறி விழுந்துவிடுவோம் என்று. ஆனால் சாம்பல் புதன் வந்து நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் ஈஸ்டர் வரை சினிமா கிடையாது.

"ரொம்பப் புடிச்சத வுட்டாதான் தவக்காலம்னு சாமியார் சொன்னாரு. கறிய வுட்டுப் பாத்தேன், வலிக்கல. சினிமாவ வுட்டேன், வலிச்சிது. சரி, இதான்னு முடிவு பண்ணிட்டேன் மாப்ளே."

செவ்வந்தி டாக்கீஸ் வேலை அவருக்கு வந்தபோது, மனுஷன் அன்று முழுக்க ஒரு பீடிகூடப் பிடிக்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

அந்த இடத்தில் முன்னால் ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. பிறகு தகரம் போட்டுப் படம் காட்டினார்கள். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் கதாநாயகன் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். அதைவிடக் கொடுமை, கூரையைத் தாங்க நடுவில் நட்டிருந்த இரும்புத் தூண்கள். தூணுக்குப் பின்னால் மாட்டியவன் பாதிப் படம்தான் பார்ப்பான். ஒரு பக்கம் கதாநாயகி அழுவாள், எதற்கு அழுகிறாள் என்பது தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

கொட்டகையை வாங்கியவர் பரங்கிப்பேட்டை மரைக்காயர். பினாங்கில் வியாபாரம் செய்தவர். அங்கே தூணே இல்லாமல் பால்கனி வைத்த தியேட்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே மாதிரி இங்கேயும் வேண்டும் என்றார். கப்பலிலேயே போய் வந்த மனுஷன் ஆனதால் முகப்பும் கப்பல் மாதிரியே அமைந்தது. தெரு வளைவில் மூக்கு மாதிரி வளைந்த சுவர், அதில் வட்ட வட்டமாக ஜன்னல், நடுவில் உயரமாக ஒரு கோபுரம், அதன் நெற்றியில் சுதையில் ஒரு பெரிய செவ்வந்திப் பூ. உள்ளே முன்பக்கம் தரை டிக்கெட்டுக்கு மணல். குள்ளமானவர்கள் மணலைக் குவித்து உயரமாகி, பின்னால் இருப்பவரிடம் அடி வாங்கலாம். அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்குப் பின்னால் நாற்காலி, எல்லாவற்றுக்கும் பின்னால், பால்கனிக்கு நேர் அடியில், மெத்தை வைத்த சோபா வகுப்பு. எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் சாக்குப் படுதா.

பால்கனிக்கு வரைபடம் போட்டவர் அண்ணாமலை நகரில் படித்து வந்த சின்ன வயது எஞ்சினியர். சிதம்பரத்திலிருந்து காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவார். அவர் வரைபடத்தைப் பார்த்து மேஸ்திரி கம்பி கட்டச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அதுவரை பார்த்த தளம் எல்லாவற்றிலும் தடிக் கம்பி அடியில்தான் போகும். இங்கே மேலே போட்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, அந்தத் தம்பி பேப்பர தலகீழா புடிச்சிகினு வரைஞ்சிட்டாருபோல."

மேஸ்திரி ஒரு பலகையை எடுத்தார். ஒரு முனையைச் சுவர் ஓட்டையில் சொருகினார். மறுமுனையில் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பலகை வளைந்தது.

"இப்ப எந்தப் பக்கம் விரியுது, மேலயா அடியா?"

"மேல."

"கம்பி எங்க வேணும்?"

"மேல."

"பேப்பர யாரு தலகீழா புடிச்சிருக்கா?"

பதில் சொல்வதற்குள் பலகை ஒடிந்து நான் கீழே கிடந்தேன். யுனிவர்சிட்டியில் நான் ஒழுங்காகக் கற்ற ஒரே பாடம் அதுதான். அதுவும் யுனிவர்சிட்டிக்கு வெளியே.

பொங்கலுக்குத் திறந்துவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. சிமெண்ட் பர்மிட் வருவதற்குள் பொங்கல் போயே போய்விட்டது. கான்கிரீட் ஊற்றி, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, நன்றாக இறுக விட்டு, கட்டைகளைப் பிரிக்கும் நாள் வந்தது.

அந்த நாளைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாதாரணத் தளம் என்றால் நடுவிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி வரலாம். பால்கனி அப்படி இல்லை. அதற்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். அதன் மூக்கிலிருந்து, அதாவது திரைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து, ஆரம்பித்து சுவரை நோக்கி வரவேண்டும். மாற்றி எடுத்தால், மூக்கின் கீழ் நிற்கிற கட்டை தூண் மாதிரி முட்டுக்கொடுக்கும். கம்பி இல்லாத அடிப்பக்கம் விரிந்துவிடும். மேஸ்திரி பால்கனி மூக்கிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு தீப்பெட்டி. குண்டின் நுனிக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் ஒரு அட்டை நுழைகிற இடைவெளி.

"மாப்ளே, மொத வரிசைய எடுத்ததும் ஒரு நூல் எறங்கும். பயந்து ஓடாத."

நூல் என்றால் எங்கள் தொழிலில் ஒரு அளவு. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று. 'ரெண்டு நூல் தூக்கு', 'ஒரு நூல் இறக்கு' என்றுதான் நாள் முழுக்கப் பேசுவோம்.

மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார். மரச் சுத்தியலால் முதல் கட்டையின் ஆப்பைத் தட்டினார். ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்பார். இன்னொரு தட்டு, மறுபடி கேட்பார். ஆப்பு நழுவியது. கட்டை சாய்ந்தது. ஒவ்வொன்றாக முதல் வரிசை முழுவதும் வந்ததும், தலைக்கு மேலே முனகல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தூக்குக்குண்டு தீப்பெட்டியைத் தொட்டது.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்று மருமகள் கேட்கிறாள். தெருவில். டீக்கடை பெஞ்சில். எப்படி அங்கே போனேன் என்பது எனக்கே தெரியாது, கால்களைத்தான் கேட்க வேண்டும்.

மேஸ்திரி வெளியே வந்து என் எதிரே குந்தினார். ஒரு பீடி பற்ற வைத்தார். பலகையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். பீடி பாதி எரிவதற்குள் உள்ளே ஓடிவிட்டேன்.

எஞ்சினியர் வந்து அளந்து பார்த்துத் தலையாட்டினார். "ஒரு நூல்தான். இறங்கலன்னாதான் நான் பயந்திருப்பேன்" என்றார். பிறகு லைசென்ஸுக்காக பால்கனி முழுக்க மணல் மூட்டை அடுக்கி, சில நாள் வைத்திருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்து எல்லாவற்றையும் இறக்கினோம். மூட்டை மேலே போனதை முதுநகர் முழுக்கப் பார்த்தது. இறங்கியதையும் பார்த்தது.

தியேட்டர் திறக்கும் தேதி குறித்தாகிவிட்டது. சாம்பல் புதனுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. மேஸ்திரி முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையால் கட்டிய தியேட்டரில் தானே படம் பார்க்க முடியாமல் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும்.

என் தொண்டை நல்ல தொண்டை என்பதால் விளம்பர வண்டியில் மரைக்காயர் என்னை ஏற்றிவிட்டார். மாட்டு வண்டி, இரண்டு பக்கமும் தட்டி, கையில் தகரக் குழாய். தட்டியில் எழுதியிருந்ததைப் பெயிண்டர் படித்துக்காட்ட, மனப்பாடம் செய்துகொண்டேன்.

"தென்னாற்காடு ஜில்லாவிலேயே மொதமொதலாக! தூணே இல்லாத தொங்கும் பால்கனி! தொங்கும் பால்கனி!"

சோனங்குப்பத்தில் மீனவப் பெண்கள் கூடைகளோடு நின்று கேட்டார்கள். அதில் அஞ்சலை என்று ஒருத்தி. மீன் விற்பவள். எனக்குத் தெரிந்து கடலூரில் என்னை வாயால் ஜெயித்த ஒரே ஆள்.

"இன்னா மச்சான், தொங்குதா? எதுல தொங்குது?"

"எதுலயும் இல்ல. அதான் விசேஷம்."

"எதுலயும் இல்லாம எப்புடித் தொங்கும்? வலைய மாட்டினாக்கூட ஒரு கயிறு வேணும். கயிறு எங்க?"

கடல்காரர்களிடம் கயிறு இல்லாமல் ஒன்று தொங்குகிறது என்று சொன்னால் நம்புவார்களா? நான் என் தொழில் பெருமையைக் காட்ட நினைத்தேன்.

"கயிறெல்லாம் இல்லம்மா. நானே பக்கத்துல நின்னு பாத்தேன். கட்டைங்கள எடுத்தோம். ஒரு நூல். அவ்ளோதான்!"

அஞ்சலை கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"கேட்டுக்கங்கடி. அம்மாம் பெரிய பால்கனி ஒரு நூல்ல தொங்குதாம். இந்தாளே பாத்தானாம்."

அன்று சாயங்காலத்துக்குள் அது முதுநகர் தாண்டி, திருப்பாப்புலியூர் தாண்டிப் போய்விட்டது. நான் குழாயில் கத்தியதைவிட வேகமாக. மணல் மூட்டைக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. 'காத்துல ஆடிடக் கூடாதுன்னுதான் மூட்ட வெச்சி அமுக்கி வெச்சிருந்தானுங்க. இப்ப அதையும் எடுத்துட்டானுங்க!'

வெள்ளிக்கிழமை தியேட்டர் திறந்தது. மணலில் கால் வைக்க இடமில்லை. பெஞ்சு நிறைந்து வழிந்தது. நாற்காலி வகுப்பில் பாதி. பால்கனியில் ஒருவர் இல்லை. அதற்கு அடியில் மெத்தை வைத்த சோபாவில் ஒருவர்கூட இல்லை. கையில் சோபா டிக்கெட்டோடு மணலில் வந்து உட்கார்ந்தவர்களை நானே பார்த்தேன். படம் ஓடும்போது பாதிப்பேர் திரையைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பி பால்கனி எப்போது விழும் என்று பார்த்தார்கள்.

நான் மூட்டிய தீயை நானே அணைக்கிறேன் என்று கிளம்பியதுதான் அடுத்த தப்பு. டீக்கடையில் நின்று விளக்கினேன். "கெணத்து ஏத்தம் பாத்திருக்கீங்க இல்ல? ஒரு பக்கம் பாரம் இருந்தா மறுபக்கம் எறங்காது. அந்த மாதிரிதான். பின்னாடி ஆபரேட்டர் ரூம் இருக்கு பாருங்க, அது அமுக்கிப் புடிச்சிருக்கு." இதை மேஸ்திரியே எனக்குச் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

டீ ஆற்றுகிறவர் கேட்டார். "அப்ப ஆபரேட்டர் ஒண்ணுக்கு எறங்கிட்டா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "அதான் முதலாளி அவருக்குக் காப்பிய கொறைக்கச் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த காட்சியில் ஆபரேட்டர் கோவிந்தன் பீடி பிடிக்க வெளியே வந்தார். நாற்காலி வகுப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து முன்பக்கம் ஓடினார்கள். கோவிந்தன் என்னைவிட ஒல்லி. அவர் கனம் ஒரு மணல் மூட்டைக்குக் காணாது.

மரைக்காயர் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"மேஸ்திரி, உங்க வேலையில கொற இல்ல. எனக்குத் தெரியும். ஆனா ஜனங்க ஒக்கார மாட்டேங்கறாங்க. ஞாயித்துக்கெழம மேட்னி வரைக்கும் பாக்கறேன். அதுக்கும் வரலன்னா மூக்குக்கு அடியில ரெண்டு தூண் வெச்சிடலாம். கண்ணுக்குத் தெரிஞ்சா பயம் போயிடும்."

மேஸ்திரி கையில் பீடி இருந்தது. பற்ற வைக்கவில்லை.

"மொதலாளி, கம்பி மேல ஓடுது. அடியில முட்டுக் குடுத்தா, நல்லா இருக்கறது விரிஞ்சிடும். தூண் வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கணும். இப்ப வெச்சா, நடக்கற புள்ளைக்கு மொழங்கால ஒடச்சி ஊனுகோலு குடுத்த மாதிரி."

"வேற என்னா செய்யச் சொல்றீங்க? நான் போய் ஒவ்வொருத்தனையா தூக்கி ஒக்கார வெக்கவா?"

மேஸ்திரி பீடியைக் காதில் சொருகிக்கொண்டு வெளியே வந்தார். அந்த மனுஷன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. மரைக்காயர் தூண் வைத்துவிட்டால், கடலூரில் யாரும் இனி அவருக்கு ஒரு தாழ்வாரம் கட்டக்கூடத் தரமாட்டார்கள். 'தூண் இல்லாம கட்றேன்னு சொல்லி, அப்புறம் ஓடியாந்து முட்டுக் குடுத்தாரே, அவரு' என்றுதான் பேர் நிற்கும். அந்தப் பேரை எடுத்துக் கொடுத்த நான் அவருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். அஞ்சலை முன்னால் நின்றேன்.

"அம்மா தாயே, மேட்னிக்கு வா. சோபாவுல ஒக்காரு. உன் புண்ணியத்துல ஒரு மனுஷன் பொழச்சிப்பாரு."

"நான் ஒக்காந்து அது விழுந்தா என் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?"

"விழாதும்மா. நான் சத்தியமா சொல்றேன்."

"நீ சத்தியம் பண்ணா அந்த ஒரு நூலும் அறுந்துடும். இங்க பாரு மச்சான். எங்க குப்பத்துல புதுத் தோணி எறக்கும்போது செஞ்ச ஆசாரிதான் மொதல்ல ஏறி ஒக்காருவாரு. அவரு ஒக்காந்தா நாங்க ஒக்காருவோம். இத செஞ்சவரு எங்க? தெறந்து மூணு நாள் ஆவுது, ஒரு ஆட்டம் உள்ள வந்து ஒக்காந்தாரா? அவருக்கே பயம், எங்கள ஒக்காரச் சொல்றியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்க அந்தக் கேள்விதான் இருந்திருக்கிறது. கட்டின ஆள் ஏன் உள்ளே வரவில்லை? தவக்காலம் என்று சோனங்குப்பத்துக்கு யார் சொல்வது?

கோயில் பூசை முடிந்து மேஸ்திரி வெளியே வந்தபோது பிடித்தேன். சொன்னேன். அவர் நின்றார். கோயிலைத் திரும்பிப் பார்த்தார். தெருக்கோடியில் தெரிந்த செவ்வந்திப் பூவைப் பார்த்தார்.

"சாமியாருகிட்ட கேட்டுப் பாக்கலாமா மேஸ்திரி? ஒரு தடவ வுட்டுக் குடுப்பாரு."

"அவருகிட்ட கேட்டு வுட்டது இல்ல. நானா வுட்டது. நானா எப்புடி எடுக்கறது?"

"அப்ப தூண் வெச்சிடுவாங்க."

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "சினிமா பாக்க மாட்டேன்னுதானே சொன்னேன். தியேட்டருக்குப் போவ மாட்டேன்னு சொல்லலியே" என்றார்.

அன்று மேட்னிக்குக் கூட்டம் வாசலில் முட்டியது. மேஸ்திரி வருகிறாராம் என்ற செய்தி அஞ்சலை கூடையோடு ஊர் சுற்றியிருந்தது. மேஸ்திரி மரைக்காயர் ஆபீசிலிருந்து ஒரு மர நாற்காலியை வாங்கி, தானே தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சோபா வகுப்பின் முதல் வரிசைக்கு முன்னால், பால்கனி மூக்குக்கு நேர் அடியில் போட்டார். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. அண்ணாந்து பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மணலில் இருந்தவர்கள் அவரையும் பால்கனியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அஞ்சலை எழுந்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு சோபாவின் முதல் வரிசையில், மேஸ்திரிக்கு நேர் எதிரில் போய் உட்கார்ந்தாள். மெத்தையை ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். பின்னால் அவள் குப்பத்துப் பெண்கள், அதற்குப் பின்னால் ஆண்கள். மேலே பால்கனிக்கு, சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்திருந்த அண்ணாமலை நகர் மாணவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஏறினார்கள். எனக்கு வேறு வழி இல்லை, அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்தது. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அஞ்சலை சத்தம் போட்டாள்.

"தூணே இல்லன்னாங்க, தோ ஒரு தூணு ஒக்காந்திருக்கு! குனி மேஸ்திரி, கதாநாயகி தெரியல!"

பஞ்சு வைத்த காதில் அது எப்படி விழுந்ததோ, மேஸ்திரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. எனக்கு அதுதான் முதல் நல்ல சகுனம்.

சண்டைக் காட்சி வந்தது. மாணவர்கள் மேலே காலைத் தட்டினார்கள். என் பல் ஆடியது. அப்போது மேலே இருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்து மேஸ்திரி தோளில் விழுந்தது. சோபா வரிசை முழுவதும் எழுந்துவிட்டது. அஞ்சலை என் கையைப் பிடித்தாள். பயத்தில்தான், மருமகளே, அதை அடிக்காதே.

மேஸ்திரி அதை விரலில் எடுத்தார். தேய்த்தார். மோந்தார்.

"சுண்ணாம்பு. போன வாரம் பூசினது. ஒக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவர் குரலில் ஒரு நூல்கூட ஆட்டம் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலை நான் பார்த்தேன். அவர் குதிகால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் திரையில் சண்டை இசை ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு அத்தனையையும் தடுக்கவில்லைபோல. அந்த மனுஷன் திரும்பவில்லை.

இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, "கோவிந்தன எறங்கி வந்து எல்லாருக்கும் முன்னாடி டீ குடிக்கச் சொல்லு" என்றார். கோவிந்தன் வந்தார். மணலுக்கு நடுவில் நின்று டீ குடித்தார். தியேட்டர் முழுக்க அண்ணாந்து பால்கனியைப் பார்த்தது. கோவிந்தன் கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். கைதட்டல் தகரக் கொட்டகை காலத்து மழை மாதிரி இருந்தது. கோவிந்தனுக்கு அன்று கிடைத்த கைதட்டல் அந்தப் படத்துக் கதாநாயகனுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

படம் முடிந்து கூட்டம் கலையும்போது மரைக்காயர் ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேஸ்திரி, எப்படி இருந்திச்சு?"

மேஸ்திரி பஞ்சை எடுத்தார். "ஒரு விரிசல் இல்ல மொதலாளி."

"நான் படத்தக் கேட்டேன்."

"அது ஈஸ்டருக்கு அப்புறம்."

தூண் பேச்சு அத்தோடு போயிற்று. சோபா வகுப்பு நிறைந்துகொண்டே இருந்தது. ஈஸ்டர் பூசை முடிந்த அன்று மேஸ்திரி புது வேட்டி கட்டிக்கொண்டு செவ்வந்தி டாக்கீஸுக்குப் போனார். நானும் போனேன். தட்டியில் வேறு படம். முந்தின வெள்ளிக்கிழமைதான் மாற்றியிருந்தார்கள். பழைய படத்தின் பெட்டி காட்டுமன்னார்கோயில் பக்கம் போய், அங்கிருந்து எங்கேயோ போய்விட்டது. அந்தப் படம் திரும்ப எங்கள் பக்கம் வரவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில் காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லுக்குச் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தோம். மழைக்கு ஒதுங்கி நின்றபோது மேஸ்திரி கேட்டார்.

"மாப்ளே, அந்தப் படம். நீ எனக்கு எதிர்லதானே ஒக்காந்திருந்த. கதைய சொல்லு."

நான் எங்கே பார்த்தேன்? அவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால்கனியைப் பார்த்தார். நான் திரைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு அதே பால்கனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது எப்போது என் தலையில் விழும் என்று. கதாநாயகி யார், வில்லன் யார், ஒன்றும் தெரியாது. சண்டை ஒன்று இருந்தது என்று மட்டும் தெரியும்.

ஆனால் அத்தனை வலித்து விட்டுக்கொடுத்த மனுஷனிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஆரம்பித்தேன். ஒரு கப்பல்காரர், அவருக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி காணாமல் போகிறாள், சிதம்பரம் ரயிலில் ஒரு திருடன், மீன் விற்கிற ஒருத்தி கடைசியில் ராணி என்று தெரிகிறது. நடுவில் ஒரு சண்டை. மழை விடும் வரை விடாமல் சொன்னேன். முடியும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து, பீடி பற்ற வைத்து, அது முடியும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக அடித்த பலகை மாதிரி கதையைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். அவர் பீடியை மழைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஒன் கதையில ஒரு தூண் இல்ல மாப்ளே" என்றார். "சண்டையில மட்டும் ஒரு நூல் எறங்குது. ஆனா நிக்குது."